தார் பூசிய முதுகு

திருவொற்றியூரில் பஸ் பழுதாகி நிற்கிறது. இறங்கி எதிர்த் திடலுக்குப் போகிறேன். அங்கே மாடுகளோடு, சவாரி இல்லாமல் பட்டினி கிடந்த ஜட்கா குதிரைகளையும் ஏலம் விடப்போகிறார்கள். விலா எலும்பு துருத்திய ஒரு செவலைக் குதிரையின் முதுகில், மீன்கார அம்மா ஒருத்தி தாரைத் திட்டுத் திட்டாக அப்புகிறாள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஏம்மா, வாயில்லா ஜீவனை இப்படியா பண்ணுவே?”

“கம்னு இரு சார். தோலுக்காரன் வந்துகீறான். தாரப் பாத்தா உள்ள புண்ணு கீதுன்னு வேணாம்னுடுவான். இது எங்க வூட்டாண்ட உசுரோட கெடந்துட்டுப் போவட்டும்.”

தோலுக்கா!

ஏலம் தொடங்குகிறது. தோல் வியாபாரி தாரைப் பார்த்ததும் முகம் சுளித்து நகர்கிறார். குறைந்த விலைக்கே செவலையின் கயிறு மீன்கார அம்மா கைக்கு வருகிறது.

அடுத்தது ஒரு வெள்ளைக் குதிரை. அதன் வண்டிக்காரர் அதைப் பளபளவென்று தேய்த்துக் குளிப்பாட்டி, நெற்றியில் குங்குமம் வைத்து ஓட்டிவந்திருக்கிறார். வியாபாரி அதன் முதுகை நிதானமாகத் தடவிப் பார்க்கிறார்.

வண்டிக்காரருக்கு முகமெல்லாம் சிரிப்பு. என் பக்கம் திரும்பிச் சொல்கிறார்:

“நல்ல மனுசன் சார். எவ்ளோ ஆசையா தடவிக் குடுக்கறாரு பாரு.”