வெள்ளாற்று முகத்துவாரமும் எங்கள் அண்ணியாரும்

இந்நினைவு மலர் தங்கள் கைக்கு வரும் நாளில் எங்கள் அண்ணியார் எம்மைப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். அண்ணனுக்கு எழுதிப் பழக்கமில்லை. மக்கட்பேறும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. ஆதலின், திட்டக்குடியில் தமிழ் கற்பிக்கும் இளையவனாகிய யான் அண்ணன் சார்பில் இதனை எழுதுகின்றேன். முறைக்குக் கொழுந்தன் எனினும் அண்ணியார் என்னை என்றும் 'தம்பி' என்றே அழைத்தார்கள். அவ்வழைப்பே இதனை எழுத எனக்குள்ள உரிமை.

அண்ணியார் பிறந்தது பரங்கிப்பேட்டைக்கு வடக்கே, மணல்மேடுகளுக்குப் பின்னால் மல்லாட்டை என்னும் நிலக்கடலை பயிரிடும் ஒரு சிற்றூர். உழவர் குடும்பந்தான், ஆயினும் வாயிலில் நின்றால் அலையோசை கேட்கும். தந்தையாரை இளமையிலேயே இழந்து, தாயாருடன் களையெடுத்தும் காய் ஆய்ந்தும் வளர்ந்தவர்கள். விருத்தாசலத்திற்கு மணமகளாக வந்த புதிதில் மணிமுத்தாற்றங்கரையில் நின்று, இந்த ஆறு எங்கே போகிறது என்று எங்கள் தாயாரிடம் வினவினார்களாம். கூடலையாற்றூரில் வெள்ளாற்றோடு கூடி, பரங்கிப்பேட்டையருகே கடலில் விழுகிறது என்று தாயார் கூறினார்.

"அப்ப எங்க வூட்டுக்குத்தான் போவுது!" என்று அண்ணியார் மகிழ்ந்து போனார்கள். அன்று முதல் துணி துவைத்துக் கரையேறும்போதெல்லாம் ஓடும் நீரைப் பார்த்து, "போயி சொல்லு, மவ நல்லாத்தான் இருக்கான்னு" என்று சொல்லிவிட்டு வருவது அவர்களுக்கு வழக்கமாயிற்று. ஊர்ப் பெண்கள் நகைப்பார்கள். அண்ணியாரும் உடன் நகைப்பார்கள். ஆனால் சொல்லாமல் திரும்பியதில்லை.

மழை பொய்த்த ஆண்டுகளில் எங்கள் புன்செய் எங்களைக் கைவிட்டது. அறுபதுகளின் நடுவில் அண்ணன் எம்மூர்ப் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் சூளையில் தீப்பார்க்கும் பணியிற் சேர்ந்தார். சூளையை மூட்டிவிட்டால் அதன் அருகை விட்டு அகல இயலாது. வெந்து முடிந்தபின் வாயிலை அடைத்து, அது தானே குளிரும்வரை காத்திருத்தல் வேண்டும். பொறுமையின்றித் திறந்தால் உள்ளிருக்கும் கலமெல்லாம் வெடித்துவிடும். அவ்வாறு சூளை குளிரும் பொழுதே தீப்பார்ப்பவருக்கு ஓய்வு. எங்கள் இல்லத்தில் கடற்கரைப் பயணம் விழாவை ஒட்டியோ விடுமுறையை ஒட்டியோ அமைந்ததில்லை. சூளை குளிர்ந்தால் கடல் என்பதே எங்கள் வழக்கம். ஒருமுறை பெரியப்பா, "அட்டமியில பொறப்படறீங்களே, பஞ்சாங்கம் பாக்கக் கூடாதா?" என்று கடிந்தார். "எங்களுக்குச் சூளைதாங்க மாமா பஞ்சாங்கம்" என்றார்கள் அண்ணியார்.

விடியற்காலைப் புகைவண்டியில் ஏறி, கடலூர் முதுநகரில் வண்டி மாறி, பரங்கிப்பேட்டையில் இறங்குவோம். அண்ணியார் கையில் எப்போதும் ஒரு பீங்கான் சாடி இருக்கும். வாய் சற்றுக் கோணிப் போனதால் விலைக்கு ஆகாதென்று தொழிற்கூடத்தார் ஒதுக்க, அண்ணன் கேட்டு வாங்கி வந்தது. போகும்போது அதில் புளிச்சோறு, திரும்பும்போது கருவாடு. விருத்தாசலத்தில் கால்நோவு என்று மெல்ல நடக்கும் அண்ணியார், நிலையத்தை விட்டு வெளியேறியதும் எங்களுக்கெல்லாம் முன்னே சென்றுவிடுவார்கள். "வாங்க தம்பி, இது எங்க ஊரு. இங்க நான்தான் முன்னாடி."

வெள்ளாறு கடலில் விழும் முகத்துவாரம் வரை நடப்போம். ஆற்றின் பச்சை நீரும் கடலின் நீல நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கும் அவ்விடத்தைக் கண்டு யான் ஏதேனும் சொல்லத் தொடங்கினால், "தம்பி நீங்க தூய தமிழ்ல சொல்லி முடிக்கறதுக்குள்ள அலை வந்து வேட்டிய நனைச்சிட்டுப் போயிடும்" என்பார்கள். பெரும்பாலும் அவ்வாறே நிகழும்.

மணலில் கல் கூட்டி, வலையிலிருந்து அப்பொழுதே எடுத்த மடவை மீனை மாங்காய் இட்டுக் குழம்பு வைப்பார்கள். தீயை அண்ணன் பார்த்துக்கொள்வார்.

"சூளைக்காரரே, இது சட்டி. சூளை இல்ல. எரிச்சித் தள்ளாதீங்க."

"மீனு வெந்திச்சா இல்லியான்னு பொகயப் பாத்தே சொல்லுவேன்."

"சொல்லுவீங்க. போன வாட்டி கரியத் தின்னமே, அதயும் பொகயப் பாத்துத்தான் சொன்னீங்க."

சில முறை கிள்ளைக்குச் சென்று, சுரபுன்னை மரங்கள் வேரூன்றி நிற்கும் உப்பங்கழியில் படகேறியதும் உண்டு. அண்ணியார் கழியில் விரலைத் தோய்த்து நாவில் வைத்து, "கடல் இன்னும் ஏறல, உப்பு கம்மியா இருக்குது" என்பார்கள். படகோட்டி வியந்து திரும்பிப் பார்ப்பார்.

அண்ணியாரின் சிற்றூருக்கு அடுத்த மீனவர் குப்பத்தில் பிறந்து, அவர்களோடு மணலில் விளையாடி வளர்ந்த அம்மையார் ஒருவர் உளர். மீன்கூடையுடன் காலை வண்டியில் விருத்தாசலத்திற்கு வந்து விற்பவர். அவர் எங்கள் வாயிலுக்கு வரும்போதெல்லாம் அண்ணியார் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு ஓடி வருவார்கள். மீன் வாங்குவது சிறிது. ஊர்ச் செய்தி கேட்பது மிகுதி.

பின்னர் அண்ணியாருக்குக் கால் வீங்கியது, பிறகு முகம். கடலூரில் காட்டியபோது சிறுநீரகம் பழுதுற்றதென்றும், இனி உணவில் உப்பு அறவே கூடாதென்றும் மருத்துவர் கூறினார். "உப்புக் காத்துல பொறந்தவளுக்கு உப்பு வேணாங்கறாரு, பாருங்க" என்று சிரித்தார்கள். உப்பிடாத கஞ்சியை ஏந்திக்கொண்டு நாங்கள் நிற்போம். இரண்டு வாய்க்குமேல் இறங்காது. வேறெதுவும் தர எங்களிடம் இல்லை. அண்ணன் தாமும் உப்பின்றி உண்ணத் தொடங்கியபோது மட்டும் அண்ணியார் சினந்தார்கள். "சூளையில வேவற ஒடம்பு. உப்பு இல்லாம எப்டி நிக்கும்?" என்று தம் கையாலேயே அவர் சோற்றில் உப்பிட்டார்கள். அந்த விரல்களை உடனே கழுவிக்கொண்டார்கள்.

சித்திரையில் ஒரு நாள், "ஒரே ஒரு வாட்டி மொகத்துவாரத்தப் பாத்துட்டு வந்துடறேங்க" என்றார்கள். அப்பொழுது சூளையில் தீ முழு வீச்சில் எரிந்துகொண்டிருந்தது. அண்ணனுக்கு மாற்றாகத் தீப்பார்ப்பவர் ஊரில் இல்லை.

"சூளை ஆறட்டும், போவலாம்" என்றார் அண்ணன்.

"ஆமா. நடுவுல வுட்டுட்டு வந்தா எல்லாம் பாழாப் போயிடும். இருக்கட்டும்."

அண்ணன் இன்றி எங்களில் வேறெவரேனும் அவர்களை அழைத்துச் செல்லலாமே என்பது, அண்ணியார் உட்பட ஒருவர்க்கும் தோன்றவில்லை. அத்தனை ஆண்டுகள் சூளையையே நாட்காட்டியாகக் கொண்டு வாழ்ந்த குடும்பத்திற்கு அவ்வாறு தோன்றவும் வழியில்லை. காத்திருந்தோம். சூளை தன் போக்கில் குளிர்ந்தது. அண்ணியாரின் வீக்கம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

சூளை குளிர்ந்த அன்று ரிக்ஷாவில் அமர்த்தி நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். சாடியைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். கடலூரிலிருந்து வந்து நின்ற வண்டியிலிருந்து மீன்கூடை அம்மையார் இறங்கினார். எங்களைக் கண்டு அருகே வந்தார்.

"அடி ஏண்டி, மொகம் என்னாடி இப்டி ஊதிக் கெடக்குது?"

"எல்லாம் ஒன் மீனத் தின்னுதான். கூடையத் தொற, பாக்கறேன்."

"ஒனக்குத்தான் ஆவாதுன்னுட்டாங்களாமே."

"பாக்கறதுக்குமா ஆவாது?"

அம்மையார் மேலே மூடிய ஓலையை நீக்கினார். அண்ணியார் குனிந்து நெடுநேரம் பார்த்தார்கள். பிறகு, எங்கள் வண்டி வந்து, ஏறுவதற்காக எழுந்தபோது மூச்சு முட்டியது. படியில் கால் வைக்க இயலவில்லை. அண்ணன் தூக்க முயன்றார். யான் மறுபுறம் பற்றினேன். அவர்கள் உடல் எங்கள் கைகளில் நீர் நிறைந்த கலம்போல் கனத்தது. வண்டிக் காவலர் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டே எங்களைப் பார்த்து நின்றார்.

"வேணாங்க, வுடுங்க. நம்மளுக்காவ வண்டி எம்மா நேரம் நிக்கும்? போவட்டும்."

வண்டி போயிற்று. அவ்வாரத்திலேயே அண்ணியாரும் மறைந்தார்கள்.

எம்மூரைக் காசிக்கு நிகரென்பர். மணிமுத்தாற்றில் இட்ட எலும்பு கூழாங்கல்லாகி இங்கேயே தங்கும் என்பது தொன்றுதொட்ட நம்பிக்கை. அதனால் எங்கள் குடும்பத்தில் எவருடைய நீறும் வேறு நீருக்குச் சென்றதில்லை. காடாற்றி எலும்பும் நீறும் எடுத்த அன்று மீன்கூடை அம்மையார் சுடலை வாயிலில் வந்து நின்றார்.

"ஒரு புடி குடுங்க சாமி. கூடையில வச்சிக் கொண்டு போயி மொகத்துவாரத்துல வுட்டுடறேன். பாக்கணும்னு கேட்டுச்சே."

பெரியப்பா இரக்கமற்றவர் அல்லர். கண் கலங்கித்தான் பேசினார். "காசிக்குப் போவ முடியாதவங்கதாம்மா இங்க வர்றாங்க. இங்க இருக்கறவள நாம எங்க அனுப்பறது? பிரிக்கவும் கூடாது." அவர் நம்பியது அது. அண்ணன் நீற்றுக் கலத்தை ஏந்தி ஆற்றை நோக்கி நடந்தார். எனக்கோ நூலில் இருந்து எடுத்துச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

ஆற்றில் இறங்கினால் ஆறு இல்லை. வைகாசிக் கோடையில் கரைக்குக் கரை மணல். ஊற்றுத் தோண்டினோம், கணுக்கால் அளவு கலங்கல் நீர் ஊறியது. அதில் இட்டோம். நீறு கரையவும் இல்லை, ஓடவும் இல்லை, சேறாய்ப் படிந்தது. அண்ணன் இரு கைகளாலும் மணலை மூடினார். துவைத்துக் கரையேறும்போது அண்ணியார் நீரிடம் சொல்லி அனுப்பும் துறை அதுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மணிமுத்தாற்றில் செந்நீர் புரண்டு ஓடிய நாளில் அண்ணன் கரையில் நின்றார். சூளை அன்று எரிந்துகொண்டிருந்தது. பிறிதொருவரை அமர்த்திவிட்டு வந்திருந்தார். அவர் அவ்வாறு வந்தது அதுவே முதல்முறை. மறுநாள் அந்தச் சாடியை மீன்கூடை அம்மையாரிடம் கொடுத்து, "அந்தத் தண்ணி அங்க வந்து சேந்தா இதுல கொஞ்சம் மொண்டுட்டு வாங்க" என்றார்.

சில நாள் கழித்து அம்மையார் சாடி ததும்பாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். "வந்துட்டுது சாமி. கடலு தூரத்துக்குச் செவப்பாப் போயிட்டுது."

"அவளும் வந்தாளா?"

"அத நான் எப்டிச் சொல்ல?"

கூழாங்கல்லாகி இங்கே தங்கினார்களா, வெள்ளத்தோடு தம் ஊர் சேர்ந்தார்களா என்பதை அறிய எங்களுக்கு வழியில்லை. அண்ணன் சாடியில் விரலைத் தோய்த்து நாவில் வைத்தார். "உப்பு இருக்குது" என்றார்.

நோயுற்ற நாட்களில் ஆறுதல் உரைத்த உறவினர்க்கும், மருந்து தந்த மருத்துவர்க்கும், பின்னர் ஒரு நாள் அண்ணனின் பணியைத் தாங்கிய தொழிற்கூடத் தோழர்க்கும், நிலையத்தில் வண்டியைச் சற்று நிறுத்திவைத்த பெயரறியாக் காவலர்க்கும், பாடை சுமந்த ஊரார்க்கும், பெரியப்பாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. ஒரு சாடி நீரைத் தொலைவிலிருந்து சிந்தாமல் சுமந்து வந்த அம்மையார்க்கு எவ்வாறு நன்றி கூறுவதென்று அறியேன்.

நினைவுநாள் படையலுக்கு அவரே மடவை மீன் கொண்டு வருகின்றார். மாங்காய் இட்டு, உப்புக் குறையாமல் குழம்பு வைக்க வேண்டுமென்று அண்ணன் சொல்லியிருக்கின்றார். இனி மருத்துவர் எவரும் தடுக்கப் போவதில்லை.