என் பெயரில் போட்ட ஊசி

வயதான எலியின் தசையிலிருக்கும் ஸ்டெம் செல்கள் ஏன் சோர்ந்துபோகின்றன என்று பார்ப்பதுதான் சென்னை ஆய்வுக்கூடத்தில் என் வேலை. செல்லுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பழுதானால், புதுத் தசையை உண்டாக்க வேண்டிய செல் பிரிவதையே நிறுத்திவிடும். அதைச் சீராக்கியபோது, கண்ணாடித் தட்டில் இருந்த செல்களில் சில மறுபடி பிரிந்தன. அவ்வளவுதான். ஒரு நாளிதழ், முதுமைக்கு மருந்து கண்ட காஞ்சிபுரத்துப் பெண் என்று என் படத்தைப் போட்டுவிட்டது.

பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் என் அண்ணன் ஊரெல்லாம் அதைக் காட்டினார். குழித்தறியில் உட்கார்ந்து எழுந்தே அவருக்கு முட்டி தேய்ந்திருந்தது.

ஒருநாள் அண்ணி போன் செய்தார்.

"அண்ணனுக்கு முட்டி வீங்கிக்கினே போகுதுமா. ஜுரம் வேற. நீ கண்டுபுடிச்ச ஊசிதான, ஒண்ணும் ஆகாதுன்னு போட்டுக்கினாரு."

"நான் எந்த ஊசியும் கண்டுபிடிக்கலையே அண்ணி."

அண்ணி அழ ஆரம்பித்தார்.

முட்டிக்குள் சீழ். அறுவை செய்து கழுவினார்கள். அவரை வார்டில் விட்டுவிட்டு, ஊசி போட்ட கிளினிக்கைத் தேடிப் பெரிய காஞ்சிபுரம் போனேன். 'ஸ்டெம் செல் சிகிச்சை' என்ற பலகை. உள்ளே சுவரில், சட்டம் போட்ட என் படம்.

"இதை யார் மாட்டச் சொன்னது?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"உங்க பிரதர்தான் மேடம் குடுத்தாரு. எவ்ளோ பெருமை அவருக்கு!"

வாதாடாமல் கழற்றிக் கையில் கொடுத்தார். காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பி, இந்த ஊசிக்கும் என் ஆராய்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை, என் அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று உரக்கச் சொன்னேன். ஒருவரும் எழவில்லை.

"படிச்சவங்களுக்குள்ள ஆயிரம் போட்டி இருக்கும்பா" என்றார் ஒருவர், பக்கத்தில் இருந்தவரிடம்.

புகார் கொடுத்தேன். கிளினிக் சில வாரம் மூடியிருந்தது, பிறகு வேறு பெயரில் திறந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அண்ணன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எலிக்கு நல்லாச்சு. எனக்கு மட்டும் ஏம்மா ஆவல?"

"எலிக்கும் ஆகலண்ணா. எலியோட செல்லுக்குத்தான். அதுவும் தட்டுல."

"அப்ப பேப்பர்ல வந்த அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

அன்றைக்கே சொன்னேன். அவருக்கும், அந்த நிருபருக்கும். பாதியிலேயே, "உனக்கு எப்பவும் தன்னடக்கம்" என்று சிரித்துப் போனை வைத்தவர் அண்ணன்தான். கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி அதை எப்படி நினைவுபடுத்துவது?

முட்டி இப்போது மடங்குவதில்லை. தறியில் அண்ணி உட்காருகிறார். நான் போனால் அண்ணன் காபி கொடுக்கச் சொல்கிறார், பஸ் எப்போது என்று கேட்கிறார். என் வேலையைப் பற்றி மட்டும் கேட்பதில்லை. தெருவில், ஊசி போட்டவனை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. கூடப்பிறந்தவனுக்கே வேலை செய்யாத மருந்தைக் கண்டுபிடித்தவள் என்று என்னைத்தான் சொல்கிறார்களாம்.