மலை டவரின் மேல் போட்ட பழி

மகள் கல்வராயன் மலையில் டீச்சர். பேத்தி முதன்முதலாக நடந்ததை மருமகன் வீடியோ எடுக்க, மகள் அனுப்பியிருந்தாள். கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் அது கட்டம் கட்டமாக உடைந்து, நடப்பது குழந்தையா கோழியா என்றே தெரியவில்லை. மலையிலிருந்து வருவது எது தெளிவாக இல்லாவிட்டாலும் மலை டவரைத் திட்டுவது எங்கள் ஊர் வழக்கம். நாங்களும் குறையில்லாமல் திட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்து, தன் போனிலிருந்த அசல் வீடியோவை என் போனில் ஏற்றிவிட்டுப் போனார். பளிச்சென்று இருந்தது. பேத்தியின் நான்கு பற்களையும் எண்ணலாம். ஏதோ நானே எடுத்த வீடியோ மாதிரி மனைவியிடம் நீட்டினேன்.

"அதே மசமசப்புதாங்க. அந்த டவர இடிச்சித் தள்ளணும்."

வீடியோ போனுக்குள்ளேயே இருக்கிறது, டவருக்கு இதில் வேலையே இல்லை என்று ஆரம்பித்து, பிக்சல் வரைக்கும் ஒரு பிரசங்கம் செய்தேன். நாலு புத்தகம் படித்தவனுக்கு வாய் அடங்காது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ உங்க போன்தான் மட்டம்" என்றாள்.

"சரி, எதிர் சுவத்துக் காலண்டர்ல இன்னா தேதி? சொல்லு."

உள்ளங்கை அகல எண். கண்ணைச் சுருக்கிக்கொண்டு சுவரையே தேடினாள்.

"இன்னாடி, காலண்டருக்கும் டவர் கிடைக்கலியா?"

சிரித்தது நான் மட்டும்தான்.

"ஆறு மாசமா இப்படித்தாங்க," என்றாள். "சொன்னா நீங்க பயந்துக்குவீங்க."

சாம்பாரில் இரண்டு முறை உப்பு விழுந்த நாட்களில் நான் அடித்த நக்கல்களெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன.

இரண்டு கண்ணிலும் புரை. முதலில் வலது கண்ணுக்கு ஆபரேஷன். கட்டைப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் அந்த வீடியோவைத்தான் கேட்டாள்.

"பாரு, கீழ ரெண்டு, மேல ரெண்டு பல்லு..."

"கொஞ்சம் சும்மா இருங்க."

மூன்று முறை ஓட்டிப் பார்த்தாள்.

"பின்னால சுவத்தப் புடிச்சிக்கினு நிக்கிறது நம்ம பொண்ணுதானே? இன்னாங்க, இப்படி எளச்சிட்டா? கண்ணு ரெண்டும் உள்ள போய்க் கெடக்குது."

எத்தனையோ தடவை பார்த்த வீடியோ. அதில் ஒரு சுவர் இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"நாளைக்கு நான் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வரட்டா?"

"நீங்களா? போய்ட்டு வந்து, நல்லாத்தான் இருக்கான்னு சொல்லுவீங்க. போனப் போடுங்க."

"வீடியோவா?"

"வேணாம். கொரல் போதும்."

அந்தப் பக்கம் மகள் "அம்மா" என்றாள். அவ்வளவுதான்.

"ராத்திரில தூங்கறியா இல்லியாடி?" என்று ஆரம்பித்தாள் இவள்.