நெல் காய்ந்த மைதானத்தில் அணிநடை

உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். இன்றைக்கும் கல்யாண வீட்டில் யாராவது, "மேடம் விளையாட்டு சொல்லித் தர்றாங்க" என்று அறிமுகம் செய்தால் சுருக்கென்று கோபம் வருகிறது. ஒரு வகுப்புப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி, ஒருத்தனும் மயங்கி விழாமல், ஒருத்தியும் ஓரமாக ஒதுங்கிவிடாமல் ஒரு பீரியடை நடத்திக் காட்டட்டும், பார்க்கலாம்.

அதை நடத்திக் காட்டும் தேர்வில்தான் என் மாணவி ஒருத்தி போன முறை தோற்றிருந்தாள். குழந்தை பிறந்த பிறகு படிக்க வந்தவள். எல்லாம் தெரியும், குரல்தான் தொண்டையைத் தாண்டி வராது. "இந்தத் தடவையும் போச்சுன்னா படிப்பு போதும், வீட்டோட இருன்னு மாமியார் சொல்லிட்டாங்க மேடம்" என்றாள். அவளைவிட எனக்குத்தான் பயம்.

இந்த முறை தேர்வு திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில். போய்ப் பார்த்தால், பொங்கல் கழித்துப் பெய்த மழையில் நனைந்த சம்பா நெல் மைதானம் முழுக்கக் காய்ந்துகொண்டிருந்தது. நெல்லுக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அள்ளச் சொல்லிடாதீங்க டீச்சர். ஈரமா இருந்தா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க. இன்னிக்குத்தான் வெயிலே அடிக்குது." தலைமையாசிரியரைப் பிடித்துக் கத்தலாம் என்றால், அவர் வீட்டு நெல்லும் ஒரு மூலையில் கிடந்தது.

மதிப்பெண் போட வந்த தேர்வாளர் வெளி மாவட்டத்துக்காரர். "இடமில்லைன்னா ரத்து பண்ணிடலாமா?" என்று காபி வேண்டுமா என்பதுபோலக் கேட்டார்.

"இங்கேயே நடத்தறேன் சார்" என்றாள் என் மாணவி. அவள் பாடம் அணிநடை, லெஃப்ட்-ரைட் போட்டு வரிசையாக நடப்பது. காயும் நெல்லை அவ்வப்போது யாராவது காலால் துழாவிக்கொண்டே நடந்து கிளறிவிட வேண்டும். அந்த வேலையைத்தான் அணிநடையாக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. நெல்லைச் செருப்புக் காலோடு யாரும் மிதிப்பதில்லை. அதனால் பிள்ளைகளின் ஷூக்களைக் கழற்றச் சொன்னாள். அணிநடைக்கு ஷூ கட்டாயம். தேர்வாளர் உடனே மதிப்பெண்ணைக் குறைத்தார். பாவிப் பெண், தெரிந்தேதான் செய்தாள்.

பிள்ளைகள் வரிசை வரிசையாகக் காலை இழுத்து இழுத்து நடந்தார்கள். அவள் "வலப்புறம் திரும்பு" என்றது பின்வரிசைக்குக் கேட்கவே இல்லை. முன்னால் போனவர்கள் திரும்ப, பின்னால் வந்தவர்கள் நேராக நடந்து சுவரில் முட்டிக்கொண்டார்கள். தேர்வாளர் மறுபடி எழுதினார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆடு வந்து நெல்லில் வாய் வைத்தது.

"ஏய்! ஆடு! ஆடு! ஓட்டு, ஓட்டு!"

கத்தியது நெல்லுக்காரம்மா என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, இவள். அடிவயிற்றிலிருந்து வந்த குரல். வரிசையெல்லாம் கலைந்து பிள்ளைகள் ஆட்டைத் துரத்த ஓடினார்கள். அதே குரலில், "நில்! வரிசைக்குத் திரும்பு!" என்றாள். பிள்ளைகள் நின்றார்கள். ஓடக் கால் எடுத்த நானும் நின்றேன். நாற்காலியிலிருந்து எழுந்த தேர்வாளர் மறுபடி உட்கார்ந்துவிட்டார். ஆடு மட்டும் கட்டளையை மதிக்கவில்லை. அதற்குப் பிறகு பாடம் முடியும்வரை அந்தக் குரல் இறங்கவே இல்லை.

"ஷூவுக்குக் குறைச்சது குறைச்சதுதான் மேடம். ஆனா பாஸ் போட்டுட்டேன்" என்றார் தேர்வாளர். நான் அங்கே கிடந்த சாக்கின் மேல் உட்கார்ந்து வெட்கமில்லாமல் அழுதேன். நெல்லுக்காரம்மாவுக்கோ வேறு கவலை. "இன்னும் ஒரு சுத்து நடக்கச் சொல்லுங்களேன் டீச்சர்" என்றார்.

என் பக்கத்தில் நின்றுதான் அவள் மாமியாருக்கு போன் போட்டாள்.

"முடிஞ்சுதா? இனிமே வீட்ல இருப்பீல்ல?" மறுமுனைக் குரல் எனக்கே கேட்டது.

"இல்லத்தே. பாஸாயிட்டேன். நான் வேலைக்குப் போவேன்!"

மறுமுனைக் குரல் தணிந்தது. நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன்.

"சரி, சரி, கத்தாதே. புள்ளை தூங்குது. அவனை நான் பாத்துக்கறேன், நீ வேலைக்குப் போயிட்டு வா."