படத்தில் மங்கிய முதல் வளைவு

மூளைக்காய்ச்சல் (மூளையைச் சூழ்ந்த சவ்வின் அழற்சி) தணிந்து கண் விழித்தேன். எதிரே மனைவியின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை.

கண்டியில் என்னைப் பார்த்த காது வைத்தியர் பக்கத்து ஊரான திகனையைச் சேர்ந்த இஸ்லாமியர். அவர் சொல்லச் சொல்ல, மனைவி கொப்பியில் எழுதிக் காட்டினார்: "காய்ச்சல் போனாலும் நத்தைச்சுருளுக்குள்ள எலும்பு வளரும் ஐயா. அடைச்சிட்டா கொக்லியர் கருவிட இழை உள்ள போகாது. தடை எங்க இருக்குன்னு படத்தில பார்த்துட்டுத்தான் கத்தி வைக்கணும்." (நத்தைச்சுருள்: ஒலியை நரம்புக்கு மாற்றும் உட்செவி உறுப்பு. கொக்லியர் கருவி: அதற்குள் மின்னிழை செலுத்திக் கேட்கவைக்கும் கருவி.)

சி.டி. ஸ்கேன் (எலும்பைக் குறுக்குவெட்டாகக் காட்டும் கதிர்ப்படம்) எடுக்கப் படுத்ததும், வழக்கம்போல் மனத்துக்குள் பதிகம் சொல்லத் தொடங்கினேன். மனத்துக்குள் என்றுதான் நம்பினேன். செவி போனவனுக்குத் தன் குரலும் கேட்பதில்லை.

வெளியே வந்ததும் மனைவி கொப்பியை நீட்டினார்: "இஞ்சேருங்கோ, உள்ளுக்கை பண்ணோடை பாடினனீங்கள். வாசல் வரைக்கும் கேட்டது."

படமெடுத்த மலையகப் பெண் அதன் கீழே எழுதினார்: "பாட்டு நல்லா இருந்துச்சுங்க ஐயா. தலைதான் தாளம் போட்டுருச்சு."

மூவரும் சிரித்தோம். படத்தைப் பார்த்த வைத்தியர் சிரிக்கவில்லை. இடது சுருளின் முதல் வளைவு மங்கியிருந்தது. அது எலும்பா, என் தாடையின் அசைவா? அவரால் சொல்ல இயலவில்லை. மறுநாளே திரும்ப எடுக்க வேண்டும் என்றார்.

அன்று மாலை திகனைப் பக்கம் இனக்கலவரத்தில் இஸ்லாமியரின் கடைகள் எரிந்தன. ஊரடங்குச் சட்டம் வந்தது; மறுநாள் படமெடுக்கப் போக முடியவில்லை. திகனைக்கு அருகே பல்லேகலயில் எங்கள் வீட்டு யன்னலுக்குள் புகை நுழைந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் மனைவி திரும்பினார். அவர் கழுத்தைப் பார்த்தே கலவரத்தின் தூரத்தைக் கணித்தேன். என் காதுக்குள்ளே எலும்பு வளர்ந்துகொண்டிருந்தது. இறைவன் பெயரைச் சொன்னதால் நேர்ந்த பிழை என்று ஆறுதல் கொள்ள முடியவில்லை. பிழை என் வாயுடையது.

சட்டம் தளர்ந்த முதல் காலையில் மீண்டும் படுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு, மனத்தில் எழுந்துவந்த பதிகத்தின் ஒவ்வோர் அடியையும் விரட்டினேன். இறைவனை அழையாமல் நான் அச்சத்தைக் கடந்தது அதுவே முதல் முறை.

இம்முறை படம் தெளிவாக வந்தது. இடது வளைவில் இருந்தது எலும்புதான், முழுதாக அடைத்திருந்தது. வலப்பக்கத்தில் சுருளின் வாசலில் மட்டும் ஒரு மெல்லிய எலும்புப் படிவு.

"வலது பக்கம் போவம். வாசல்ல கொஞ்சம் குடையணும். எவ்வளவுன்னு இப்ப தெரியும்," என்று வைத்தியர் சொன்னதை மனைவி எழுதிக் காட்டினார். தம் அண்ணனின் கடை எரிந்திருந்ததை வைத்தியர் எங்களிடம் சொல்லவேயில்லை; பின்னர் பிறர் சொல்லித்தான் தெரிந்தது. அவர் குடைந்தார், இழை முழுதும் உள்ளே சென்றது.

உங்களையும் அந்தப் படத்துக்குப் படுக்கச் சொன்னால் அசையாதிருங்கள். பிரார்த்தனையும் அசைவுதான்.

கருவியை இயக்கிய நாளில், மனைவியின் குரல் தகரத்தைத் தகரத்தால் உரசுவதுபோல் வந்தது. மூன்றாம் முறை சொன்னபோதுதான் பொருள் விளங்கியது: "தேத்தண்ணி ஆறுது."

இப்போதும் இடப்பக்கமிருந்து அழைத்தால் எனக்குத் தெரியாது. வலப்பக்கம் வரும் ஒலி, சொல்லாக மாறச் சற்று நேரம் எடுக்கிறது. முன்பெல்லாம் அந்த நேரத்துக்குள் மறுமொழியே சொல்லி முடித்திருப்பேன். இப்போது சொல் வந்து சேரும்வரை அமர்ந்திருக்கிறேன். தேநீர் ஆறிவிடுகிறது. மனைவி எடுத்துச் சென்று மறுபடி சூடாக்குகிறார்.