கரிக்கல்லின் ஈரம்

என் மனைவியும் நானும் ஹைதராபாத்தில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தவர்கள். அங்கேதான் பழகிக் கல்யாணம் செய்துகொண்டோம். ஆராய்ச்சிக்கென்று அவளுக்குக் கிடைத்தது ஒரு சிறுகோள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் கற்கூட்டத்தின் வெளி ஓரத்தில் கிடப்பது. கார்பன் நிறைந்தது, அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. மேலே விழும் வெயிலைப் பெரும்பாலும் விழுங்கிவிட்டுக் கொஞ்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். அந்தக் கொஞ்சத்தை நிறம் நிறமாகப் பிரித்து, கல் எதனால் ஆனது என்று அவள் சொல்ல வேண்டும்.

ஒரு பிற்பகல் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். ஒளியின் அளவைக் காட்டும் கோடு, சிவப்புக்கு உரிய இடத்தில் லேசாகக் குழிந்திருந்தது.

"தண்ணி பட்ட களிமண் இருந்தாத்தான் இப்படிக் குழியும். இந்தக் கல்லுக்குள்ள எப்பவோ தண்ணி இருந்திருக்கு."

"அது கல்லோடது இல்ல, நம்ம பூமிக் காத்துல இருக்கிற ஈரம். சார்கிட்ட சொல்லி அசிங்கப்படாத," என்றேன்.

அப்படி அடித்துச் சொல்ல என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை. இரண்டு வருடமாக என் வேலை நகரவில்லை, அவளுடையது நகர்ந்தது. அவ்வளவுதான். அவள் என்னை நம்பினாள்.

ஏழாம் மாதம் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போனாள். போகும்போது, "என் ஃபைலெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல போட்டிருக்கேன். நேரம் கெடைச்சா பாரு," என்றாள்.

பார்த்தேன். அதே காற்று வழியாக வந்த ஒரு நட்சத்திரத்தின் ஒளியை வைத்துக் காற்றின் பங்கைக் கழித்தேன். குழி போகவில்லை. இன்னொரு நட்சத்திரத்தை வைத்தும் போட்டேன். அப்படியே இருந்தது.

அவளுக்குப் போன் செய்யவில்லை. பேராசிரியர் அறைக்குப் போனேன். "சார், நான் ஒண்ணு பார்த்தேன்."

அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்க மனைவிக்குக் கொடுத்த கல் இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவங்க திரும்பி வரமாட்டாங்க, சார்."

அதை நான் அவளிடம் கேட்டிருக்கவே இல்லை.

கட்டுரை என் பெயரில் வந்தது. ஆய்வேடும் அதை வைத்தே முடிந்தது. நன்றி சொல்லும் பக்கத்தில் 'என் மனைவியின் பொறுமைக்கு' என்று எழுதினேன். கைக்குழந்தையோடு திரும்பியவள் அந்தப் பக்கத்தைப் படித்தாள். பிறகு வரைபடம் இருந்த பக்கத்தைத் தேடி எடுத்தாள்.

"அப்போ காத்து இல்லையா?"

"இல்ல."

சண்டை போடுவாள் என்று காத்திருந்தேன். போடவில்லை. அடுத்த வருடம் ஆராய்ச்சியை விட்டுவிட்டு, ஹைதராபாத்திலேயே பேகம்பேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான். நான் கல்லூரியில் வானியல் நடத்துகிறேன்.

போன மாதம் மகள், பள்ளியில் சிறுகோள் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று நோட்டோடு வந்து உட்கார்ந்தாள். நான் இந்தக் கல்லைப் பற்றிச் சொன்னேன். வேறு எதையாவது சொல்லியிருக்கலாம்.

"அதுல வாட்டர் இருந்துச்சுன்னு ஹூ ஃபவுண்ட் இட் ஃபர்ஸ்ட்?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "அப்பாதான்," என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன்.

மகள் என் பெயரை எழுத ஆரம்பித்தாள். "இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி," என்றேன்.