கத்தரிச் செடியில் சாம்பல் நிறக் கூன்வண்டு

அறுபதுகளின் கடைசியில் பயிர்ப் பாதுகாப்புப் பிரிவில் இருந்தேன். திருவொற்றியூருக்கு வடக்கே, ஒரு ஆலையின் மதிலை ஒட்டிக் கத்தரி போட்டிருந்த பெண்மணி மனு கொடுத்திருந்தார். ஆலை வெளியே கொட்டும் சாம்பலால் செடிகள் சாகின்றன, குவியலை அகற்ற வேண்டும் என்று. செடிகள் எதனால் சாகின்றன என்று நான் எழுதித் தர வேண்டும். அதை வைத்துத்தான் மேலே முடிவு.

இலைகளெல்லாம் சாம்பல். ஆனால் ஓரங்கள் பல் பல்லாகக் கடிபட்டிருந்தன. அது கூன்வண்டின் வேலை. கத்தரிக்கு வருவது ஒரு அரிசி நீளம்கூட இராது; நிறமும் சாம்பல். கண்ணால் தேடுவது வீண். செடிக்கடியில் வெள்ளைத் துணி விரித்துக் கிளையைத் தட்ட வேண்டும். வண்டுகள் காலை மடக்கிக்கொண்டு விழுந்து, செத்ததுபோல் கிடக்கும். காத்திருந்தால் நடக்கத் தொடங்கும். நடக்காதது சாம்பல். நடப்பதை லென்ஸில் பார்த்தால் முகம் குட்டை மூக்காக நீண்டிருக்கும். உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கியிருக்கும். இதன் புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்னும்.

துணியில் பதினொன்று நடந்தன.

“இன்னா நைனா, அத்தப் புட்ச்சி குப்பில போட்டுகினு கீறே?” என்றார் அந்த அம்மாள்.

“கூன்வண்டும்மா. வேரைத் தின்னுது.”

“அது எங்க மாமியா காலத்துலேர்ந்து துன்னுகினுதான் கீது. அது துன்னது போவ எனக்குக் கூடை கூடையா காய் வந்துச்சு. சாம்பலு போன வருசம்தான் வந்துச்சு. அத்தப் புட்ச்சி குப்பில போடு.”

அவர் சொன்னது சரி என்று எனக்கு அங்கேயே தெரியும். ஆனால் படிவத்தில் ‘தாக்கிய உயிரி’ என்று ஒரே கட்டம். சாம்பலுக்கு உயிரில்லை. வண்டின் பெயரை முறைப்படி லத்தீனில் எழுதினேன். குறிப்பில் மட்டும், ‘சாம்பல் மிகுதி, வண்டால் மட்டும் இவ்வளவு சேதம் நேராது’ என்று சேர்த்தேன்.

மேலதிகாரி அந்த வரியை அடித்தார். “சாம்பல் நம்ம சப்ஜெக்ட் இல்லையே சார். எதுக்கு இழுத்து விட்டுக்கறீங்க?”

புதிதாகத் தட்டச்சு செய்த படியில் கையெழுத்திட்டேன். என் கையெழுத்து எப்போதும் தெளிவாக இருக்கும்.

பூச்சித் தாக்குதல், மருந்து தூவவும் என்று மனு முடிக்கப்பட்டது. உத்தரவின் நகலையும் ஒரு பொட்டலம் மருந்துப் பொடியையும் கொடுக்க நானே போனேன். சாம்பல் மேடு கத்தரிப் பாத்திக்குள் இறங்கியிருந்தது.

அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். “எலையே தெரில. இத்த எதும்மேல போடறது?”

காற்றில்லாத நேரமாகப் பார்த்து, சீராகத் தூவ வேண்டும் என்று விதிமுறையைச் சொன்னேன்.